புண்ணில் புழு வந்தால் எடுக்கிறதா, விடுகிறதா?

கேள்வி: 2023 ஓகஸ்ட் 19, இரவு 8.10

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. 14 வருசமாகச் சீனி வருத்தம். இடது குதிக்காலில் ஒரு புண். இரண்டு கிழமையாகச் சீலை சுற்றி மறைத்து வைத்திருக்கிறா. இன்றைக்கு அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது. அவவுக்கு நோவே இல்லையாம். அம்மம்மா, "புழு அழுகலைத்தான் தின்னும், விடு, தானா விழும்" என்கிறா. வெளிநாட்டு டொக்டர்மார் வேண்டுமென்றே புண்ணில் புழு விடுவதை வீடியோவிலும் பார்த்தேன். அப்படியென்றால் விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

ஓகஸ்ட் 19, இரவு 8.35

தம்பி, விடாதேங்கோ. விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். ஓட்டோ பிடித்து இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. மண்ணெண்ணெய், பெற்றோல், பூச்சி உருண்டைத் தூள் ஒன்றும் போடாதேங்கோ. கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் மூடி மெதுவாகக் கட்டுங்கோ. அம்மாவைக் காலூன்ற விடாமல் தூக்கிக்கொண்டு போங்கோ. கிளினிக் கொப்பியை எடுக்க மறக்காதேங்கோ. ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) கடைசியாக எப்ப போட்டது என்று கேட்பார்கள், வழியிலேயே அம்மாவிடம் கேட்டு வையுங்கோ.

இன்னொன்று, அம்மாவை ஏச வேண்டாம். மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 19, இரவு 11.50

வோட்டில் படுக்க வைத்தாச்சு என்று தம்பி எழுதியிருக்கிறார். நெஞ்சு ஆறிவிட்டது. இனி நிதானமாக எழுதலாம்.

நான் தாதி இல்லை. மருந்து கட்டப் பழகியவள். 2009 மாசியிலிருந்து சித்திரை வரை, பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் நடந்த ஆஸ்பத்திரியில் கையுதவிக்கு நின்றேன். அப்போது எனக்கு 19 வயது. அன்று பழகியதுதான். இன்றுவரை எங்கள் ஊரில் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் சீனிப் புண்காரருக்கும் வீட்டுக்கு வீடு போய் மருந்து கட்டுகிறேன். டொக்டர்மாரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டது மிச்சம்.

அம்மம்மா சொன்னதில் பாதி சரி. அழுகலைத் தின்னும் புழு உண்டு. ஆனால் உயிர்ச் சதையையே தின்னும் புழுவும் உண்டு, அது எங்கள் வன்னியிலும் உண்டு. புண்ணில் நெளிவது எந்தப் புழு என்று வீட்டில் இருந்து பார்த்துச் சொல்ல ஏலாது. நல்ல புழுவாகவே இருந்தாலும் அந்த இலையான் அதற்கு முன் எந்த மலத்தில், எந்தச் செத்த நாயில் இருந்துவிட்டு வந்ததோ. முட்டையோடு அந்தக் கிருமியும் புண்ணுக்குள் வந்திருக்கும். வெளிநாட்டில் விடுகிற புழுவை முட்டையிலேயே கிருமி நீக்கி, மூடிய அறையில் பொரிக்க வைத்து எடுக்கிறார்கள். இதற்கும் அதற்கும் உள்ள தூரம் குளத்துத் தண்ணீருக்கும் சேலைன் போத்தலுக்கும் உள்ள தூரம்.

தம்பியின் கேள்வியில் என்னைப் பயப்படுத்தியது புழு இல்லை. "நோவே இல்லையாம்" என்ற சொல்தான். சீனி கூடி நரம்பு செத்தால் கால் ஊமையாகிவிடும். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. அந்தப் புண்ணுக்குள் உடம்பு சொல்ல வேண்டிய ஒன்றையும் சொல்லாமல் இருக்கிறது. எலும்பு வரை போயிருந்தாலும் அம்மா "ஒண்டுமில்லை மோனே" என்றுதான் சொல்லியிருப்பா.

ஓகஸ்ட் 20, காலை 5.40

நித்திரை வரவில்லை. அந்தப் பெடியனைப் பற்றி எழுதாமல் இந்த விசயத்தை என்னால் பேச முடியாது.

11, 12 வயதிருக்கும். வலது கெண்டைக்காலில் செல் துண்டு பட்டது. வேறு எங்கோ கட்டிய கட்டு. இடம் மாறி மாறி ஓடி, பங்கருக்குள் கிடந்து, நாலைந்து நாளாக யாரும் அவிழ்க்கவில்லை. கட்டு இரத்தத்தில் காய்ந்து பலகை மாதிரி இருந்தது. நனைத்து நனைத்து ஒவ்வொரு சுற்றாக உரித்துக்கொண்டு வந்தேன். கடைசிச் சுற்றுக்கு முன்னமே துணிக்குக் கீழே ஏதோ அசைவது என் விரல் நுனிக்குத் தெரிந்துவிட்டது. அரிசிப் பானை கொதிக்கும்போது மூடியில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அது போல. துணியை எடுத்ததும் வெள்ளை வெள்ளையாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நூறுக்கு மேல். ஒவ்வொன்றின் முனையிலும் இரண்டு சின்னக் கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழும்பி வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது, அங்கு வருசக்கணக்காக மருந்து கட்டிய ஒரு ஐயா பெடியனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பிள்ளை, அதுகளைப் பார்க்காதை. அதுகளுக்குக் கீழை என்ன இருக்கெண்டு பார்" என்றார்.

சேலைன் குறைவு. உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். ஊற்ற ஊற்றப் புழு உதிர்ந்து சட்டிக்குள் விழுந்தது. கீழே நான் எதிர்பார்த்தது கறுப்பும் சிதலும். இருந்தது சிவப்பு. கொய்யாப்பழத்தைப் பிளந்தால் உள்ளே மினுமினுப்பாகக் குருணி குருணியாக இருக்குமே, அப்படி. அழுகல் மணமே இல்லை. ஐயா தன்பாட்டில் தலையை ஆட்டினார். "நாங்கள் செய்ய வேண்டிய வேலையை அதுகள் செய்து வைச்சிருக்கு" என்றார்.

அதே கிழமை அதே இடத்தில், மருந்தெல்லாம் போட்டுப் பார்த்த காயங்கள் கறுத்து, கால் எடுக்க வேண்டி வந்ததையும் பார்த்தேன். பெடியனின் கால் தப்பியது.

ஓகஸ்ட் 20, பின்னேரம் 4.15

புழு எப்படிச் சுத்தம் செய்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அதுக்குப் பல் இல்லை. வாயில் ஒரு சோடிக் கொக்கி இருக்கிறது, அதால் பிடித்து ஊர்ந்து திரியும். கடித்து விழுங்குவதில்லை. செரிக்கிற நீரை வெளியே கக்கும். அந்த நீர் செத்த சதையைக் கரைத்துக் கூழாக்கும். பிறகு கூழை உறிஞ்சும். மனிசர் வயிற்றுக்குள் செய்கிற வேலையை அது வயிற்றுக்கு வெளியிலேயே செய்துவிடுகிறது. லூசிலியா சேரிகாட்டா என்கிற பச்சை இலையானின் புழுவுக்கு உயிர்ச் சதையைக் கரைக்க அவ்வளவாக ஏலாது. அதனால்தான் மருத்துவத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கக்கும் நீரில் கிருமியைக் கொல்லும் பொருளும் இருக்கிறது. கூழோடு உள்ளே போகும் கிருமியில் பெரும்பகுதி புழுவின் குடலிலேயே செத்துப்போகிறது. அமோனியாவும் வெளிவருவதால் புண்ணின் புளிப்புத் தன்மை மாறி, கிருமி பெருகுவது கடினமாகிறது.

சதுர சென்ரிமீற்றருக்கு 5 முதல் 10 வரை விடுவார்கள். விடும்போது ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். இரண்டு மூன்று நாளில் எடுக்கும்போது 10, 12 மில்லிமீற்றர். எள்ளாகப் போய் நெல்லாக வருகிறது. வலைத்துணியால் மூடி, ஓரத்தை ஒட்டி, மேலே ஈரம் உறிஞ்சக் கோஸ் துணி வைப்பார்கள். தேயிலைப் பை மாதிரி வலைப்பைக்குள் அடைத்தே வைக்கும் முறையும் உண்டு. அதில் ஒன்றுகூட வெளியே வராது.

கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்யும் டொக்டருக்கு உயிர்ச் சதை எங்கே முடிகிறது, செத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்போதும் துல்லியமாகத் தெரியாது. கொஞ்சம் நல்லதையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டி வரும். புழு அந்தக் கோட்டை மயிரிழையில் பிடித்துக்கொண்டு போகும். இதை வாசித்தபோது எனக்கு அந்தக் கொய்யாச் சிவப்புத்தான் ஞாபகம் வந்தது.

ஓகஸ்ட் 22, இரவு 9.00

திருத்தம். முந்தநாள் காலை "இரண்டு சின்னக் கண்" என்று எழுதினேன். கண் இல்லை. புழுவுக்கு அப்படிப்பட்ட கண்ணே கிடையாது. அந்த இரண்டு மண்ணிறப் புள்ளியும் மூச்சுத்துளை. உடம்பின் பின்பக்கத்தில் இருக்கிறது. தலையைச் சாப்பாட்டுக்குள் புதைத்து, பின்பக்கத்தை மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும். 14 வருசமாக அந்தக் கண்கள் என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒரு படத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. அதனால்தான் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டினாலும், புண்ணில் நீர் தேங்கினாலும் புழு செத்துப்போகிறது. மூக்குக்குள் தண்ணீர் போன கதைதான்.

உயிர்ச் சதை தின்னும் புழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அக்கா சும்மா வெருட்டுறா" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எங்கள் அப்பாவிடம் நெடுங்கேணியில் பட்டி மாடு இருந்தது. கன்று பிறந்து இரண்டு மூன்று நாளில் கொப்பூழில் ஈரம் இருக்கும்போதே இலையான் முட்டை போட்டுவிடும். ஒரு கன்று பால் குடிக்காமல், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அப்பா புரட்டிப் போட்டுப் பார்த்தார். வெளியே சின்ன ஓட்டை. அதிலிருந்து இரத்தம் கலந்த நீர், மூக்கைப் பிடுங்கும் மணம். கற்பூரத்தை நுணுக்கித் தேங்காயெண்ணெயில் கரைத்து உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் மட்டும் தெரியும்படி அடுக்கி வைத்தது போல ஒரு கூட்டம் மேலே தள்ளிக்கொண்டு வந்தது. கிளிப்பால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். உடம்பைச் சுற்றி வரி வரியாக முள், திருகாணி போல. இழுத்தால் லேசில் வராது. ஓட்டை அவரின் பெருவிரல் முழுதும் போகுமளவு ஆழம். கீழே கொய்யாச் சிவப்பு இல்லை. பச்சை இறைச்சி, இரத்தம்.

அது கிறிசோமியா பெசியானா. திருகுப்புழு என்கிறார்கள். செத்த சதையைத் தேடாது, உயிருள்ள உடம்பின் காயத்தைத்தான் தேடும். மாடு, ஆடு, நாய், மனிசன் எதையும் பார்க்காது. மூக்கு, காது, வாய் ஓரம் எங்கும் போகும். படுக்கையில் கிடக்கும் வயதானவர்களில் நானே இரண்டு தடவை கண்டிருக்கிறேன். தம்பியின் அம்மம்மா சொன்னபடி "விட்டிருந்தால்" அந்த இருவரும் என்னவாகியிருப்பார்கள் என்று நினைக்கவே ஏலாது.

ஓகஸ்ட் 27, பகல் 2.20

ஞாயிறு. நேரம் கிடைத்தது. இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று கேட்டவருக்கு.

முதலாம் உலகப் போர், 1917. பிரான்சில் அமெரிக்கப் படையோடு நின்ற எலும்பு அறுவை மருத்துவர் வில்லியம் பேயரிடம் இரண்டு படைவீரர்களைக் கொண்டு வருகிறார்கள். தொடை எலும்பு உடைந்து வெளியே வந்திருக்கிறது, வயிற்றிலும் காயம். சண்டை நடந்த இடத்தில் 7 நாள் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தவர்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் என்றால் ஆஸ்பத்திரியில் கிடந்தாலே பெரும்பாலும் சாவுதான். இவர்களுக்குக் காய்ச்சலே இல்லை. உடுப்பைக் கழற்றினால் காயம் முழுக்கப் புழு, ஆயிரக்கணக்கில். கழுவிப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பான புதுச் சதை.

இதை முதல் தடவை வாசித்தபோது கொப்பியை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் போய் இருந்தேன். அவர் கண்டதைத்தான் நானும் கண்டிருக்கிறேன். 92 வருசம் கழித்து, இந்த மண்ணில்.

அவர் அதை மறக்கவில்லை. பால்ற்றிமோருக்குத் திரும்பி, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1928 இல் எலும்புக்குள் கிருமி பிடித்து வருசக்கணக்காக ஆறாமல் கிடந்த பிள்ளைகளுக்குப் புழு விட்டுப் பார்த்தார். ஆறியது. ஆனால் சிலருக்கு ஏற்பு வலி வந்துவிட்டது. புழுவோடு அந்தக் கிருமியும் போயிருந்தது. அதன் பிறகுதான் முட்டையைக் கிருமிநாசினியில் கழுவிப் பொரிக்க வைக்கும் முறையை உண்டாக்கினார். நான் முதல் நாளே ஏற்பூசியைக் கேட்டது இதனால்தான்.

1931 இல் அவர் காலமானார். 1930களில் அமெரிக்காவில் 300க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் புழு வைத்தியம் நடந்தது. 1940களில் பெனிசிலின் வந்தது. யாருக்குப் புழு வேண்டும்? கைவிட்டார்கள். பிறகு அதே மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் வந்தபோது, 1990 அளவில் கலிபோர்னியாவில் றொனால்ட் ஷேர்மன் என்ற மருத்துவர் திரும்பத் தொடங்கினார். 2004 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புழுவுக்கு அனுமதி கொடுத்தது. அதே வருசம் அட்டைக்கும் கொடுத்தார்கள். எங்கள் சித்த வைத்தியத்தின் 32 புற மருத்துவத்தில் அட்டை விடுதலும் ஒன்று. வயலில் காலில் ஏறினால் உப்புப் போட்டு உதறுகிறோமே, அதே வகைச் சீவன்தான்.

செப்ரெம்பர் 3, காலை 7.05

பனம்பழக் காலம். முற்றத்தில் விழுந்த பழத்தைப் பொறுக்கி முடியவில்லை, இலையான் மொய்க்கிறது. புண் உள்ள ஆக்கள் இந்த மாதங்களில் பகலில் படுத்தாலும் நுளம்பு வலைக்குள்ளேயே படுங்கோ. நுளம்புக்கு இரவு மட்டும் வலை போடுகிறோம். இலையானோ பகலில்தான் முட்டை போடும்.

முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடும் அக்கா ஒருவர் சொன்னார்: உப்புக் குறைந்த மீனில்தான் புழு வைக்கும், நன்றாக உப்புப் பிடித்ததில் வைக்காது. அதைக் கேட்டுவிட்டு யாரும் புண்ணில் கல்லுப்பைத் தூவ வேண்டாம். எரிந்து நல்ல சதையும் போய்விடும்.

செப்ரெம்பர் 10, இரவு 10.30

பெடியனின் கதையைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். "புழு காப்பாற்றியது" என்று தலைப்புப் போட்டு. அதைப் பார்த்த நாளிலிருந்து மனம் சரியில்லை. நான் ஒரு கதையை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அதே இடத்தில், பெடியனுக்கு ஒரு கிழமை கழித்து, ஒரு இளம் தாய். முதுகில் காயம். அவவின் காயத்திலும் புழு இருந்தது. நான் பழகிவிட்டேன் என்ற துணிவில் கழுவினேன். கீழே சிவப்பைத் தேடினேன். சிவப்பும் இருந்தது, கொஞ்சம். ஆனால் காயம் உள்ளே எங்கோ போயிருந்தது. உடம்பு அடுப்புக் கல்லாய்ச் சுட்டது. இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் விடியப்புறம் போய்விட்டா. கைக்குழந்தையை அவவின் தாய் வைத்திருந்தா.

புழு மேலே உள்ள அழுகலைத் தின்னும். இரத்தத்துக்குள் போன கிருமியைத் தேடிப் பிடிக்காது. வயிற்றுக் குழிக்குள், நெஞ்சுக்குள், பெரிய நாடிக்குப் பக்கத்தில் உள்ள காயத்தில் கிருமி நீக்கிய புழுவைக்கூட விட மாட்டார்கள். இரத்தம் ஓடாமல் காய்ந்து கறுத்த காலில் விட்டும் பிரயோசனம் இல்லை. முதலில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

"ஆற்றும்" என்ற சொல்லையும் நான் அளந்து பாவித்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் கால் புண்காரர் 267 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்குப் புழு, மற்றவர்களுக்கு ஈரமாக வைக்கும் வழக்கமான ஜெல். புழு விட்ட புண் வெகு கெதியாகச் சுத்தமானது. ஆனால் முழுதாக ஆறி மூடுவதற்கு எடுத்த காலத்தில் வித்தியாசம் காணவில்லை. நோவும் புழு விட்டவர்களுக்குக் கூட. முடிவு வெளியானது 2009 இல். நாங்கள் சட்டிக்குள் புழு கழுவிக்கொண்டிருந்த அதே வருசம்.

அதனால் நான் சொல்வது சுத்தம் செய்தல் மட்டும்தான். சுத்தமான புண்ணை ஆற்றுவது சீனிக் கட்டுப்பாடு, காலில் பாரம் ஏற்றாமல் இருத்தல், நல்ல சாப்பாடு, இரத்த ஓட்டம், ஒழுங்காகக் கட்டு மாற்றுதல். 1930களில் புழுவின் நீரிலிருந்து அலன்ரொயின் என்ற பொருளைக் கண்டுபிடித்து, அது சதை வளர உதவுகிறது என்றார்கள். இன்றைக்குத் தோல் கிறீம்களில் சேர்க்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு புழுவே ஆற்றிவிடும் என்று நான் இனிச் சொல்ல மாட்டேன்.

செப்ரெம்பர் 16, பகல் 12.10

தம்பியின் செய்தி: அம்மாவுக்கு டொக்டர் வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார். எலும்பின் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்தார்களாம். கால் இருக்கிறது. இன்சுலின் தொடங்கியாச்சு.

கண்ணீர் வந்துவிட்டது, தம்பி.

செப்ரெம்பர் 17, இரவு 8.45

ஏன் மறைத்தா என்று தம்பி கேட்டிருக்கிறார். வெட்கத்தில்தான்.

நான் மருந்து கட்டும் ஒருவர் இருக்கிறார். 2009 இல் முள்ளந்தண்டில் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலி. படுக்கைப் புண் வந்து வந்து போகும். ஒரு தடவை மழைக் காலத்தில், நான் ஊரில் இல்லாத ஒரு கிழமை, புண்ணில் புழு வைத்துவிட்டது. ஒரு சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே நின்ற ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மனிசரோ மாடோ, இப்பிடி விட்டிருக்கிறியள்" என்று எல்லாருக்கும் முன்னால் மனைவியை ஏசியிருக்கிறார். அந்த மனிசி விடிய 4 மணிக்கு எழும்பி அவரைப் புரட்டி, கழுவி, கச்சான் வித்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறவ. அதன் பிறகு ஐந்து மாதம் அவர் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. புண் இடுப்பெலும்பு வரை போனது.

புழு வைக்க ஒரு இலையானும் மூடாத ஒரு புண்ணும் ஒரு பகலும் போதும். முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். குளித்து முழுகித் திருநீறு பூசி இருக்கிற ஆளுக்கும் வைக்கும். மருந்து கட்டுகிற எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன், முகத்தைச் சுளிக்காதேங்கோ. அந்த ஒரு சுளிப்பில் ஒரு கால் போகும்.

ஷேர்மன் தொடக்கத்தில் புழு விட்டுப் பார்த்தவர்களில் முள்ளந்தண்டு பாதித்த முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் படுக்கைப் புண்தான். 1995 இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். போர் முடிந்து இவ்வளவு வருசமாகக் கட்டிலில் கிடக்கும் எங்கள் ஆக்களைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

செப்ரெம்பர் 30, பின்னேரம் 5.30

"அப்படியென்றால் எங்கட பச்சை இலையானைப் பிடித்து நாங்களே வளர்த்தால் என்ன?" நல்ல கேள்வி. மூன்று நாளாக யோசித்தேன்.

பச்சையாக மினுங்குவதெல்லாம் ஒரே இலையான் இல்லை. மருந்துப் புழுவின் தாயும் மினுங்கும் பச்சை. கக்கூசில் மொய்க்கிற, சிவப்புக் கண்ணுடைய பெரிய இலையானும் மினுங்கும். கன்றின் கொப்பூழைத் தின்ற திருகுப்புழுவின் தாயும் நீலப்பச்சையில் மினுங்கும். பூச்சியியல் படித்தவர் பூதக்கண்ணாடியில் மயிரையும் சிறகு நரம்பையும் பார்த்துத்தான் பிரிப்பார். வீட்டில் பிரிக்க ஏலாது. ஆகவே யாரும் போத்தலுக்குள் இலையான் பிடிக்க வேண்டாம்.

ஆனால் ஆசையை நான் விடவில்லை. மலேசியாவில் லூசிலியா குப்ரினா என்ற வெப்ப நாட்டு இலையானைச் சீனிக் கால் புண்ணுக்குப் பாவித்து, கத்தியால் சுத்தம் செய்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கத்திக்குக் குறையாமல் வேலை செய்தது. அவுஸ்திரேலியாவில் அதே இனம் செம்மறி ஆடுகளின் தோலைத் தின்று பண்ணைக்காரரை அழ வைக்கிறது. நல்லது கெட்டது புழுவில் மட்டும் இல்லை, எந்த உடம்பில், யார் கையால், எத்தனை நாள் என்பதிலும் இருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது பெரிய கட்டடம் இல்லை. வலையடித்த ஒரு சின்ன அறை, கூடு, சீனித்தண்ணீர், முட்டை போட ஈரல் துண்டு. முட்டையைக் கழுவிச் சோதிக்க ஒரு ஆய்வுகூடம். பொரித்த புழுவை ஒரு நாளைக்குள் புண்ணில் விட வேண்டும். வன்னி வெயிலில் தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் செத்துப்போகும், அதனால் பக்கத்திலேயே வளர்க்க வேண்டும். அறுவை மருத்துவர் ஒருவர், பூச்சியியலாளர் ஒருவர், மிருக வைத்தியர் ஒருவர் ஒரு மேசையில் இருந்தால் தொடங்கலாம். மாட்டுக்காரரையும் கூப்பிடுங்கோ. எங்கள் அப்பா உயிரோடிருந்திருந்தால் முதல் ஆளாய்ப் போய் இருந்திருப்பார்.

கத்தி வைக்க அறுவைக்கூடம் வேண்டும், மயக்க மருந்து வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். புழு வைக்க வலைத்துணியும் கட்டத் தெரிந்த கையும் போதும். கட்டத் தெரிந்த கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. ஏன் அப்படி என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒக்ரோபர் 8, இரவு 9.15

சேர்ந்துபோன கேள்விகள்.

உள்ளேயே பெருகுமா? பெருகாது. புழு முட்டை போடாது, இலையான்தான் போடும். புழு வயிறு நிறைந்ததும் காய்ந்த மண்ணைத் தேடி இறங்கும், அங்கேதான் கூடாகும். நாள் தவறாமல் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நோகுமா? உணர்வுள்ள காலில் இரண்டாம் மூன்றாம் நாள், புழு பெருத்த பிறகு நோகலாம். நோவு மருந்து கொடுப்பார்கள். தாங்க ஏலாவிட்டால் எடுத்துவிடுவார்கள். சும்மா கூசும் என்று சொன்னவர்களும் உண்டு.

எடுத்த புழுவை என்ன செய்வது? ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிப்பார்கள். ஒரு புண்ணில் விட்டதை இன்னொருவருக்கு விடவே கூடாது.

பாம்பு கடித்த இடத்துக்கு? நாகம் கடித்தால் அந்த இடத்துச் சதை செத்துப் போவதுண்டு. முதலில் விச முறிப்பு, பிறகுதான் புண். அதையும் டொக்டர்தான் பார்க்க வேண்டும்.

ஒக்ரோபர் 29, காலை 6.20

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் இரண்டு செம்பருத்தி, உள்ளே சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருக்கிறா. தம்பி இந்த இழையை ஒவ்வொரு நாளும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மம்மா எனக்கு முன்னால் வரவில்லை, அடுக்களைக்குள் நின்றா. நான் உள்ளே போய், "அம்மம்மா, நீங்கள் சொன்னதில பாதி சரிதான்" என்றேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

கட்டை நானும் அம்மாவுமாகச் சேர்ந்து அவிழ்த்தோம். முதல் தடவையாக அவ குனிந்து தன் புண்ணைப் பார்த்தா. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்துக் காட்டினேன், குதி தெரிய வேறு வழி இல்லை. இனி இரவு இரவாக அந்தக் கண்ணாடியால் இரண்டு உள்ளங்காலையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பெடியன் இப்ப எங்கை பிள்ளை?" என்று கேட்டா.

இப்போது அவனுக்கு 25, 26 வயது. வலது கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையளவு தழும்பு இருக்க வேண்டும். கழுவி முடியும் வரை எண் சொல்லிக்கொண்டிருந்தான், 300 வரை எண்ணினான். பெடியா, நீ இதை வாசித்தால் ஒரு வரி எழுது.

நவம்பர் 19, இரவு 7.50

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தபடி ஞாயிறு ஞாயிறாக, துடைத்த தெளிவான பொலித்தீனைப் புண்ணின் மேல் பிடித்து, பேனையால் ஓரத்தை வரைந்து, திகதி போட்டு வைத்திருக்கிறார். நாலு துண்டு, சுவரில் வரிசையாக. முதலாவது கோழி முட்டை அளவு. இரண்டாவது முதலாவதைவிடக் கொஞ்சம் பெரிது, பயப்பட வேண்டாம், ஓரத்துச் செத்த தோலை வெட்டிய கிழமை அது. மூன்றாவது புளியங்கொட்டையை இரண்டாய் வைத்த அளவு. நாலாவது ஒற்றைப் புளியங்கொட்டை.

தம்பி, பேனை முனை புண்ணில் படாமல் வரையுங்கோ. அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. மழை பிடித்துவிட்டது, ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். கட்டு நனையாமல் பொலித்தீன் பையால் மூடி, போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கோ. அந்த நாலு துண்டையும் கையோடு கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கோ.